புது ரெசிபியும் சொந்த இலக்கும்: சேர்த்துச் செய்யும்போது எங்கே தவறு நடக்கிறது?

உடம்பைக் குறைக்க வேண்டும், வெளியில் சாப்பிடும் செலவைக் குறைக்க வேண்டும், வேலை முடிந்து வந்து ஒரு பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று ஏதோ ஓர் இலக்கைக் கையில் எடுப்பவர்களில் பலர், அதே வாரத்தில் வீட்டில் புதுசு புதுசாகச் சமைக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சில வாரம் போவதற்குள் சமையலும் நின்று, இலக்கும் நின்று, "எனக்கு மன உறுதியே கிடையாது" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தவறு மன உறுதியில் இருப்பது அபூர்வம். இன்னும் கைக்குப் பழகாத ஒரு ரெசிபியின் தலையில் இலக்கின் பாரத்தையும் சேர்த்து ஏற்றிவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

இதில் முதல் தவறு, முதல் தடவை சமைக்கும்போதே ரெசிபியைத் திருத்துவது. எண்ணெயைப் பாதியாக்கி, சர்க்கரையைப் பாதியாக்கி, மைதாவுக்குப் பதில் முழுக்கோதுமை மாவு போட்டு, உப்பையும் குறைத்துச் செய்து பார்ப்பார்கள். நன்றாக வராது. ஏன் வரவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு மாற்றத்தில் எது கெடுத்தது, இல்லை ரெசிபியே சரியில்லையா என்பது கடைசிவரை தெரியாது. கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இருப்பதில்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதும், உள்ளே மிருதுவாக்குவதும், மேலே நிறம் வரவைப்பதும் அதுதான். அதைப் பாதியாக்கினால் வறண்டு போவது இயல்பு. முழுக்கோதுமை மாவு தண்ணீரை அதிகம் இழுக்கும், அதற்கேற்ப ஈரம் கூட்டாவிட்டால் கெட்டியாகிவிடும். அதனால் முதல் தடவை எழுதியிருப்பதை எழுதியபடியே, குறைந்த அளவில் செய்யுங்கள். எந்தப் பதத்தில் இறக்குவது, எப்போது வாசனை மாறுகிறது என்பதெல்லாம் கைக்குப் பிடிபடட்டும். அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மருத்துவர் உப்பையோ சர்க்கரையையோ கட்டாயம் குறைக்கச் சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது தொடக்கத்திலேயே அதற்கென்று எழுதப்பட்ட ரெசிபியைத் தேடி எடுப்பதுதான் சரி.

திருத்தாதீர்கள் என்றால் அளக்காதீர்கள் என்று அர்த்தமில்லை. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய் சுமார் 14 கிராம், அதில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. பாட்டிலிலிருந்து வாணலியைச் சுற்றி ஒரு வட்டம் ஊற்றினால் அது இரண்டு ஸ்பூனா மூன்று ஸ்பூனா என்று கண்ணுக்குத் தெரியாது. உப்பும் அப்படித்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பே ஏறக்குறைய 6 கிராம் வரும். நான்கு பேருக்கான ஒரு ரெசிபியில் 2 டீஸ்பூன் உப்பு என்று இருந்தால் தலைக்கு 3 கிராம், ஒரே உணவிலேயே நாளின் பங்கில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்தக் கணக்கை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டுவிட்டால், இது உங்கள் இலக்குக்கு ஒத்துவரும் ரெசிபியா, இல்லை எப்போதாவது ஆசைக்குச் செய்ய வேண்டியதா என்று முடிவு செய்துவிடலாம்.

அடுத்தது நேரம். "30 நிமிடத்தில் தயார்" என்று போட்டிருந்தால் நம்பி, எட்டு மணிக்குப் படிக்க உட்காரலாம் என்று ஏழரைக்கு அடுக்களைக்குள் போகாதீர்கள். பொருள் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "பொடியாக நறுக்கிய வெங்காயம் 3, தோலுரித்து அரைத்த பூண்டு" என்று இருக்கும். அந்த நறுக்குவது, உரிப்பது, அரைப்பது எதுவும் பல ரெசிபிகளில் அந்த 30 நிமிடக் கணக்கில் வராது. வெங்காயத்தைப் பற்றியே தனியாகச் சொல்ல வேண்டும். "பொன்னிறமாகும் வரை 5 நிமிடம் வதக்கவும்" என்று எத்தனையோ ரெசிபிகள் சொல்கின்றன. 5 நிமிடத்தில் அது கண்ணாடி போல ஆகும், அவ்வளவுதான். மிதமான தீயில், ஒரே சீராகப் பழுப்பாகி இனிப்பு ஏறும் வரை வதக்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்த்துத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் பச்சை வாசனை போகாது. புது ரெசிபிக்கு எழுதியிருக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். முழுவதையும் ஒரு தடவை கடைசி வரி வரை படித்துவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் "இரவு முழுக்க ஊறவைத்த" என்ற மூன்று வார்த்தை நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். வேலை நெருக்கும் நாளிலும் படிப்புக்கென்று வைத்த மாலையிலும் தெரிந்த சமையலே போதும், புதுசுக்கு ஓய்வு நாள்.

அளவுப் பாத்திரத்தில் வரும் குழப்பத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. கப் என்றால் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அமெரிக்க ரெசிபியில் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. டேபிள் ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. மாவை லேசாக அள்ளிப் போட்டால் ஒரு கப் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150. கிராம் கணக்கில் எழுதிய ரெசிபியைத் தேர்ந்தெடுத்து, சின்னதாக ஒரு டிஜிட்டல் தராசு வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி முடிந்தது. கலோரி கணக்கு வைப்பவர்களுக்கு அந்தத் தராசு இரட்டை வேலை செய்யும். அப்புறம் ஓவனில் 350 டிகிரி என்று பார்த்தால் அது ஃபாரன்ஹீட், செல்சியஸில் சுமார் 175. விசிறி வைத்த ஓவனாக இருந்தால் சாதாரண ஓவனுக்குச் சொன்ன அளவிலிருந்து 20 டிகிரி செல்சியஸ் குறைப்பது வழக்கம்.

குறைந்த எண்ணெயில் காய்கறி, இறைச்சி வறுக்க முயல்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒன்று இருக்கிறது. இதைச் சரிசெய்தாலே உணவு பாதி தேறிவிடும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாத் துண்டுகளையும் ஒரேயடியாக வாணலியில் கொட்டிவிடுவார்கள். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நாம் விரும்பும் பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் வேகமாக வருவதோ 140 டிகிரியை ஒட்டித்தான். நெருக்கியடித்துக் கிடந்தால் வெளிவரும் நீராவிக்குப் போக வழியில்லை, துண்டுகள் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிர வறுபடாது. உடனே "எண்ணெய் குறைவு, அதனால்தான் ருசியில்லை" என்று முடிவுகட்டி, அடுத்த தடவை தாராளமாக ஊற்றிவிடுவார்கள். துணியால் ஒற்றி எடுத்து, பாத்திரத்தை நன்றாகச் சூடாக்கி, இடைவெளி விட்டு இரண்டு தவணையாகப் போட்டுப் பாருங்கள். போட்டதும் சொய்யென்று சத்தம் வந்து, அது நிற்காமல் இருந்தால் சரியாகப் போகிறது. சத்தம் அடங்கி அடியில் நீர் தேங்கினால் அளவு அதிகம், கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

ஆர்வம் மிகுதியில் ஏழு நாளுக்கும் ஏழு புது ரெசிபி என்று அட்டவணை போடுவதும் நிலைக்காது. செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இது நேர் எதிராகவே வேலை செய்யும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன் மட்டும் தேவைப்படும் ஏதோ ஒரு பாட்டிலை முழுசாக வாங்க வேண்டியிருக்கும், மிச்சம் அலமாரியிலேயே காலாவதியாகும். வாரத்துக்கு ஒன்று போதும் என்பேன், அதுவும் வாங்கும் பொருளை இன்னும் இரண்டு உணவிலாவது பயன்படுத்த முடியுமா என்று பார்த்த பிறகு.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று நினைப்பதும் வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது, நடு அளவு 66 நாள். இடையில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். ஆக, புது உணவு சொதப்பிய இரவில் வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட்டால் மறுநாள் பழையபடி தொடர்ந்தால் போதும். இன்னும் நல்லது, சொதப்பினால் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய மாற்று ஒன்றுக்கான பொருளை வீட்டில் தயாராக வைத்திருப்பது.

நேரம் மிச்சம் என்று, ஒரு தடவைகூடச் செய்து பார்க்காததை வாரம் முழுவதுக்கும் சேர்த்துச் சமைக்காதீர்கள். பிடிக்காவிட்டால் அத்தனையும் வீண். அளவு கூடும்போது நேரமும் தண்ணீரும் அதே விகிதத்தில் கூடுவதும் இல்லை. சேமித்து வைப்பதானால் சமைத்து 2 மணி நேரத்துக்குள், ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், 3 அல்லது 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். வேகவைத்தாலும் சாகாத ஒருவகை பாக்டீரியா வித்துகள் அரிசியில் இருக்கலாம், வெளியிலேயே விட்டால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

வீட்டில் இருப்பவர்கள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. இலக்கு உங்களுடையது, அவர்களுடையது அல்ல. சொல்லாமல் கொள்ளாமல் எல்லாருடைய தட்டையும் மாற்றிவிட்டு "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் பாராட்டு வராது, உங்களுக்கும் மனம் உடையும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, பக்கத்தில் அவர்களுக்குப் பழகிய ஒன்றையும் வையுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டுக் குறிப்பு எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம். நீளமாக எழுத வேண்டாம், "உப்பு கால் ஸ்பூன் குறைக்கலாம், வெங்காயத்துக்கு 25 நிமிடம் ஆனது, சின்ன வாணலி போதவில்லை, மொத்தம் ஒன்றரை மணி நேரம்" என்று பாத்திரம் கழுவும் முன்பே நான்கு வரி. இரண்டாம் தடவை எண்ணெயைக் குறைப்பதா, மாவை மாற்றுவதா என்று அந்த நான்கு வரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். மூன்றாவது தடவையும் பிடிக்கவில்லை என்றால், எவ்வளவு ஆரோக்கியமானதாக இருந்தாலும் அந்த ரெசிபியை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.