வேலைவாய்ப்பு வழிகாட்டலில் நாம் செய்யும் தவறுகள்

டெல்டா பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்றால் கடைசி செமஸ்டரில் ஒரு நாள், அரங்கம் நிறையப் பிள்ளைகள், மைக்கில் ஒருவர். முதல் தவறு அதுதான். அரியர் இருக்கிறது, வீட்டில் கடன் இருக்கிறது என்று அத்தனை பேர் நடுவில் யார் வாய் திறப்பார்கள்? இரண்டாம் ஆண்டிலேயே ஆளுக்கு 20 நிமிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்தது, எதையும் கேட்காமலே "குரூப் 4 எழுதும்மா" என்பது. எழுதட்டும், நல்ல வேலைதான். ஆனால் பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்த அரசு வேலைத் தேர்வைப் பட்டதாரிகளும் குவிந்து எழுதுகிறார்கள். எத்தனை முறை எழுதுவது, கூடவே என்ன வேலை பார்ப்பது என்று பேசாமல் அனுப்பினால் நாலைந்து வருடம் ஓடிவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அதைச் சொல்லாமல், கடன் வாங்கிக் கோச்சிங் போக விடுவது பெரிய தவறு.

எனக்கு அதிகம் மனசு கஷ்டப்படுவது பயோடேட்டாவைப் பார்க்கும்போதுதான். பி.எஸ்சி. வேதியியல் முடித்த ஒரு மாணவி, பிரவுசிங் சென்டரில் அடித்த தாளைக் கொண்டுவந்தாள். அப்பா பெயர், மதம், 'கடின உழைப்பாளி', பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. அறுவடை சமயத்தில் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல காட்டினா திருப்பி விட்டுடுவாங்க சார். அதனால நான்தான் காயப் போட்டு, நெல்லைக் கடிச்சுப் பாத்துட்டு அப்பாகிட்ட சொல்வேன். 40 கிலோ மூட்டைக் கணக்கும் நான்தான் எழுதுவேன்."

அளந்து, குறித்துவைத்து, முடிவு சொல்வது ஆய்வக வேலைதானே! அரிசி ஆலையிலும் உணவுப் பரிசோதனைக் கூடத்திலும் கேட்பது அதைத்தான். அந்தத் தாளில் அது ஒரு வரி கூட இல்லை. மறுநாள் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்.

தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் நிஃப்டெம் என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவற்றைக் காட்டாமல் "சென்னைக்குப் போ" என்று மட்டும் சொல்வது சரியில்லை. ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப் போய்க் காட்டலாம்.

அப்புறம், முன்பணம் கேட்கும் எந்த வேலைக்கும் போகாதே என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெண் பிள்ளைகள் "ஊருக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு சார்" என்றால் அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். வேலை கிடைக்கும் ஊரில் எந்த ஹாஸ்டல் பாதுகாப்பானது, மாதம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அப்பா அம்மாவையும் ஒரு முறை வரச் சொல்லிப் பேசுங்கள்.