ஏசி வாங்கப் போகிறீர்களா? லேபிளில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியிலேயே டைகினும் புளூ ஸ்டாரும் ஆலை போட்டிருக்கின்றன, கடையில் மாடல்களும் ஏகப்பட்டது. இந்தக் கூட்டத்தில் விற்பனையாளர் "ஃபைவ் ஸ்டார் சார்" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்.

ஏனென்றால் நட்சத்திரத்தின் அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கிறது. 2018-இல் ஐஎஸ்இஇஆர் எண் (செலவாகும் மின்சாரத்துக்கு ஏசி எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற கணக்கு, கூடினால் நல்லது) 4.5 இருந்தாலே ஸ்பிளிட் ஏசிக்கு ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அதை 5 ஆக உயர்த்தினார்கள், அதாவது நேற்று ஐந்தாக இருந்த அதே மெஷின் மறுநாள் நான்காகிவிட்டது. 2026 ஜனவரியில் இன்னும் இறுக்கினார்கள். அதனால் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் காட்டினால் முதலில் லேபிள் எந்தக் காலத்துக்கு உரியது என்று பாருங்கள், அப்புறம் ஐஎஸ்இஇஆர், அப்புறம் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண். நட்சத்திரம் கடைசிதான்.

அந்த யூனிட் கணக்கு 1600 மணி நேரத்துக்கு, அதாவது தினம் 8 மணி வீதம் 200 நாள். ஒரு மாடலில் 750, இன்னொன்றில் 950 என்று இருந்தால் வித்தியாசம் 200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருடம் 1,600 ரூபாய், விலையில் உள்ள வித்தியாசத்தை இதால் வகுத்தால் எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் போய்விடும், இதையும் சேர்த்துப் பாருங்கள். வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் ஓட்டுபவருக்கு மூன்று நட்சத்திரமே போதும் என்பது என் எண்ணம்.

டன், அதாவது ஏசியின் குளிரூட்டும் திறன் விஷயத்தில் அறையின் அளவோடு மாடியையும் பாருங்கள். மேலே மொட்டை மாடி என்றால் 120 சதுர அடி அறைக்கும் 1 டன் திணறலாம்.

சரி, மாட்டுவதற்கு வருவோம், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். இப்போது வரும் பெரும்பாலான ஏசிகளில் குளிரூட்டும் வாயு ஆர்32 கேஸ். பழைய ஆர்410ஏ-வை விட புவி வெப்பமாதலுக்கான பங்கு மூன்றில் ஒன்றுதான், ஆனால் லேசாகத் தீப்பற்றும். குழாயை இணைத்ததும் வேக்வம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். என் வீட்டுக்கு வந்தவர் பம்பே கொண்டுவராமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதாலேயே காற்றைத் தள்ளிவிட்டுப் போனார், ஒரே கோடையில் கூலிங் குறைந்துவிட்டது. ஆகவே தேதி கொடுக்கும்போதே "வேக்வம் பம்ப் இருக்கிறதா?" என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைக் கேளுங்கள்.

அதேபோல வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மூடிய சுற்று, கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். முதலில் சோப்பு நுரை தடவி ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அடைத்த பிறகே காசு.