ஏலத்தோட்டத்துக்குப் புல்வெட்டும் இயந்திரம்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

வண்டன்மேடு, நெடுங்கண்டம், கம்பம்மெட்டு என்று எல்லைக்கு மேலே கேரளத்தில் ஏலத்தோட்டமும், கீழே கம்பத்திலோ போடியிலோ வீடுமாக இருப்பவர்கள் நம்மில் அநேகர். கோடைமழை இரண்டு விழுந்து களை தலைதூக்கியதும் இவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மலையாளத்தார் காடுவெட்டு யந்திரம் என்றும் நாம் பிரஷ் கட்டர் என்றும் சொல்லும் இயந்திரத்தில் டூ ஸ்ட்ரோக் எடுப்பதா, ஃபோர் ஸ்ட்ரோக் எடுப்பதா என்பதுதான். இரண்டு வகையையும் என் தோட்டத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், கழற்றி மாட்டியும் பார்த்திருக்கிறேன். எது உயர்ந்த எஞ்சின் என்று கேட்டால் விடை கிடைக்காது. காலையில் அதில் பெட்ரோல் ஊற்றப்போகிறவர் யார், அவர் எதை மறக்கக்கூடியவர் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

வேறுபாட்டின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக்கில் தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒருமுறை எரிப்பு நடக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதனால் ஒரே சிசியில் டூ ஸ்ட்ரோக் எடை குறைவாகவும் சட்டென்று வேகம் எடுப்பதாகவும் இருக்கிறது. ஆனால் அதில் வால்வு கிடையாது. புதிய கலவை உள்ளே வரும் அதே நேரத்தில் பழைய புகை வெளியே போவதால், எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வீணாகிறது. இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்புக் கொடுக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கிலோ, பெட்ரோல் ஒரு தொட்டியிலும் ஆயில் அடியில் உள்ள அறையிலும் தனித்தனியாக நிற்கின்றன.

டூ ஸ்ட்ரோக் ஓட்டுபவர் கலவையை விட்டுக்கொடுக்கவே கூடாது. பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்பது 50-க்கு 1. லிட்டருக்கு 40 மில்லி என்பது 25-க்கு 1. எந்த விகிதம் வேண்டும் என்பது அந்த இயந்திரத்தின் கையேட்டிலும் பெரும்பாலும் பெட்ரோல் மூடியிலும் இருக்கும். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதைவிட அதையே நம்ப வேண்டும். டப்பாவின் மூடியால் குத்துமதிப்பாக அளக்காமல், குழந்தைகளின் இருமல் மருந்தோடு வரும் சிறு பிளாஸ்டிக் குவளையையோ ஊசி போடும் சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். 5 லிட்டர் கேனுக்கு 50-க்கு 1 என்றால் 100 மில்லி. காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று தயாரான டூ-டி ஆயிலே வேண்டும். டப்பாவில் ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறியைப் பார்த்து வாங்கலாம். படகு எஞ்சினுக்கான ஆயிலும், பைக்கிலிருந்து இறக்கிய பழைய ஆயிலும் ஆகவே ஆகாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வருடம் செப்டம்பர் களையெடுப்பின்போது, ஒரே மாதிரியான இரண்டு வெள்ளைக் கேன்களில் ஒன்றில் கலவையும் மற்றதில் ஜீப்புக்கான வெறும் பெட்ரோலும் வைத்திருந்தேன். அடையாளம் எதுவும் எழுதி வைக்கவில்லை. வேலைக்கு வந்த தம்பி வெறும் பெட்ரோலை ஊற்றிச் சரிவில் இறங்கினான். எஞ்சின் முதலில் வழக்கத்தைவிட நன்றாகவே கூவியது, புகையும் இல்லை. கால் மணி நேரத்துக்குள் ஒலி மெலிந்து நின்றது, கயிற்றை இழுத்தால் அசையவில்லை. மறுநாள் சைலன்சரைக் கழற்றித் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, பிஸ்டனின் அந்தப் பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறி, அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. ரிங் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர், பிஸ்டன் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. பிழை என்னுடையது, அவன்மேல் குற்றமில்லை. அன்றிலிருந்து கலவைக் கேன் சிவப்பு, அதன் கழுத்தில் ஒரு துணியும் கட்டியிருக்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினால் இந்தக் கவலை நீங்குகிறது, ஆனால் வேறொரு கவலை வருகிறது. கையில் பிடிக்கும் சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருக்கும் ஆயில் மிகக் குறைவு. நம் பக்கம் பலரிடம் இருக்கும் ஹோண்டா ஜிஎக்ஸ் 35 எஞ்சின் 35.8 சிசி, அதில் நிற்கும் ஆயில் 100 மில்லி மட்டுமே, அதாவது ஒரு சிறிய டீ கிளாஸ் அளவு. அதில் கால் பங்கு கசிந்தோ எரிந்தோ போனால்கூடத் தாங்காது. எனவே தினமும் காலையில், இயந்திரத்தைச் சமமான இடத்தில் வைத்து, மூடியைத் திறந்து, ஆயில் வாய் விளிம்புவரை நிற்கிறதா என்று பார்த்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். முதல் ஆயில் மாற்றம் 10 மணி நேர ஓட்டத்தில். புது எஞ்சினின் உரசலில் வரும் உலோகத் துகளில் பெரும்பகுதி அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும். அடுத்து ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும், அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 10டபிள்யூ-30 ஆயில் போதும். மணிக்கணக்கை நினைவில் வைக்க முடியாது என்பதால், ஏலக்காய்ப் பறிப்புக் கூலி எழுதும் நோட்டிலேயே ஓட்டிய மணியையும் எழுதிவிடுவது நல்லது.

ஜீப் பயணமும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஒரு சோதனைதான். விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஜீப்பில், இயந்திரம் கூரைமேல் கவிழ்ந்து கிடந்தோ, கால்களுக்கிடையே தலைகீழாகச் சாய்ந்தோதான் வருகிறது. ஓடும்போது எந்தக் கோணத்திலும் தாங்கும் எஞ்சின்தான் என்றாலும், நிறுத்திய பிறகு தவறான பக்கமாக மணிக்கணக்கில் கிடந்தால் ஆயில் சிலிண்டருக்குள்ளும் ஏர் ஃபில்டருக்குள்ளும் இறங்கிவிடும். மேலே போய் இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் வெண்புகை மண்டும். கையேட்டில் எப்படிக் கிடத்தச் சொல்லியிருக்கிறதோ அப்படியே கிடத்திக் கட்டுங்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இனி உயரம். இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் எஞ்சினின் சக்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், ஏனென்றால் மேலே காற்று மெல்லியது. கம்பத்துக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையில் உயர வித்தியாசம் 600 மீட்டருக்கு மேல். கம்பத்தில் டியூன் செய்த டூ ஸ்ட்ரோக்கை மேலே கொண்டுபோனால் கலவையில் பெட்ரோல் சற்று மிகுந்து பிளக்கில் கரி படியும், இழுவை குறையும். அதனால் எஞ்சினுக்குப் பெரிய கேடில்லை. ஆபத்து மறுபக்கம். மேலே நன்றாகக் கூவும்படி, கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் எச் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, அதே இயந்திரத்தைக் கீழே திராட்சைத் தோட்டத்துக்கோ தென்னந்தோப்புக்கோ கொண்டுவந்து முழு வேகத்தில் ஓட்டினால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துவிடும். பாரமில்லாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது டூ ஸ்ட்ரோக் சற்றே கரகரவென்று தடுமாறி, பிளேடு புல்லில் பட்டவுடன் ஒலி தெளிய வேண்டும். அதுவே சரியான அளவு. பாரமில்லாமலே கணீரென்று கூவினால் அது கெடப்போவதற்கு அறிகுறி. மேலும் கீழும் ஒரே இயந்திரத்தைக் கொண்டுபோகிறவர்களுக்கு நான் ஃபோர் ஸ்ட்ரோக்கையே சொல்வேன். ஹோண்டா போன்ற நிறுவனங்கள் 1500 மீட்டருக்கு மேலேயே நிரந்தரமாக ஓட்டுபவர்களுக்குத்தான் கார்புரேட்டரில் மாற்றம் செய்யச் சொல்கின்றன. நம் தோட்டங்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே.

பெட்ரோலும் முன்போல் இல்லை. இன்று பங்க்கில் கிடைப்பதில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது, எத்தனாலோ ஈரத்தை இழுக்கும். தென்மேற்குப் பருவமழையில், தோட்டத்துக் கொட்டகையில், மூடி தளர்ந்த கேனில் இரண்டு மாதம் கிடந்த பெட்ரோலில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் படிந்துவிடக்கூடும். இயந்திரம் உறிஞ்சுவதோ தொட்டியின் அடியிலிருந்து. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிட, அடியில் ஆயிலே இல்லாத திரவம் எஞ்சினுக்குள் போகும். ஃபோர் ஸ்ட்ரோக் இதே பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும், ஆனால் பிஸ்டன் தப்பிவிடும். எந்த வகையானாலும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பெட்ரோலை ஊற்றாதீர்கள். களையெடுப்பு முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள்.

சரிவையும் உடம்பையும் பற்றிக் கொஞ்சம். ஏலச்செடியின் வேர் மேல்மண்ணிலேயே பரவுவதால், தூருக்கு அருகில் கையால்தான் களையெடுக்க வேண்டும். இயந்திரம் வரிசைகளுக்கு இடையில் மட்டும். அந்த இடைவெளிகளில், நின்றால் கால் சறுக்கும் செங்குத்தில், ஒரு கிலோ எடை மிகுதி என்பது பகல் பன்னிரண்டு மணிக்குத் தோள்பட்டையில் தெரியும். அங்கே டூ ஸ்ட்ரோக்கின் எடை நிச்சயமாக ஒரு நன்மை. ஆனால் நிழல்மரங்களின் அடியில் காற்று அசையாத காலைப்பொழுதில் அதன் புகை போக வழியின்றித் தலைமட்டத்திலேயே நிற்கிறது. நாள் முழுவதும் அதற்குள் நிற்கிற ஆளின் நெஞ்சைப் பற்றி முதலாளி யோசித்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சத்தமும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் குறைவு; என்றாலும் இரண்டிலும் காதுக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

ஆகவே, இரண்டு மூன்று ஏக்கர் சொந்தத் தோட்டம், வருடத்தில் இரண்டு மூன்று களையெடுப்பு, இயந்திரத்தைத் தொடுவது வீட்டில் ஒருவரோ இருவரோ என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்கள். விலை சற்று மிகுந்தாலும் பெட்ரோலிலும் டூ-டி ஆயிலிலும் அது திரும்பிவிடும். கூலிக்கு எடுத்து, நாள்தோறும் தோட்டம் தோட்டமாக, முரட்டுக் காட்டுக்கொடியும் செங்குத்துச் சரிவும் பார்க்காமல் வெட்டுகிறவர், கலவையைத் தன் கையாலேயே போடுகிறவர் என்றால், அவருக்கு 40 சிசி அளவிலான டூ ஸ்ட்ரோக்தான் பொருந்தும். ஆள் மாறிமாறி ஓட்டும் பெரிய எஸ்டேட்டில் நான் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம்தான், ஆனால் காலையில் ஆயில் பார்க்கும் பொறுப்பு கங்காணியிடம் எழுத்தில் இருக்க வேண்டும். மரக்கிளை கழிக்கும் ரம்பத்துக்கு இந்தக் கேள்வியே கிடையாது. கடையில் கிடைக்கும் பெட்ரோல் ரம்பம் ஏறக்குறைய எல்லாமே டூ ஸ்ட்ரோக்தான். மருந்தடிக்கும் எச்டிபி பம்பு ஓரிடத்தில் நின்று ஓடுவது, எடை பொருட்டல்ல, அதற்கு ஃபோர் ஸ்ட்ரோக்கே ஏற்றது. ஆனால் ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 160 போன்ற எஞ்சின்கள் 20 பாகைக்கு மேல் சாய்ந்து ஓடக்கூடாது என்பதால், போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைமருந்து) அடிக்கச் சரிவில் இறக்கும் முன் மண்ணைக் கொத்திச் சமமாக்கிவிடுங்கள்.

கடையில் காசு கொடுப்பதற்கு முன், ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்த இயந்திரத்தைக் காட்ட விடாமல், குளிர்ந்த இயந்திரத்தை நீங்களே இழுத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தோள்வாரை மாட்டி, பிளேடு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தானாகத் தொங்குகிறதா என்று கவனியுங்கள். டயாஃபிரம் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு), ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் ஆகியவை கட்டப்பனையிலோ கம்பத்திலோ கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். பருவமழைக்கு நடுவில் ஒரு டயாஃபிரமுக்காக எர்ணாகுளம் பார்சலை எதிர்பார்த்து உட்கார்ந்தால், அது வந்து சேர்வதற்குள் களை முழங்கால் உயரம் ஆகிவிடும்.