முதலில் முகவரி, அப்புறம் விமானம்: டெல்லிக்குப் புதிதாக வரும் தம்பதிகளுக்கு

டெல்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களின் முதல் மாதக் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் எங்கே கிடைக்கும்? ஐஎன்ஏ மார்க்கெட்டில். பிள்ளையைத் தமிழ் படிக்க வைக்க முடியுமா? டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் டிடிஇஏ பள்ளிகளில் முடியும். கோயில்? ஆர்.கே.புரத்தில் மலை மந்திர். தமிழ்ச் சங்கமும் அதே ஆர்.கே.புரத்தில்தான். இதற்கெல்லாம் பக்கத்து வீட்டிலேயே பதில் சொல்ல ஆள் இருக்கும்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். இங்கே இருக்கப்போகும் மூன்று, நான்கு வருடத்துக்குள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நீண்ட வெளிநாட்டுப் பயணம் போக நினைத்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது. நீண்ட பயணம் என்றால் நாலு நாள் பேக்கேஜ் இல்லை. முப்பது, நாற்பது நாள். அப்படி மூன்று தடவை போய் வந்திருக்கிறோம். மூன்றிலும் தெரிந்துகொண்டது, பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, வாடகை ஒப்பந்தத்தில் தொடங்குகிறது என்பதுதான்.

சிரிக்காதீர்கள். பெரும்பாலான தூதரகங்கள் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் விண்ணப்பம் எங்கே போடவேண்டும் என்று சொல்கின்றன. உங்கள் பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி முகவரி. ஆதாரில் கல்யாணத்துக்கு முந்தைய அப்பா வீட்டு முகவரி. வங்கிக் கணக்கு இன்னும் பாளையங்கோட்டைக் கிளையில். டெல்லி வீட்டின் ஒப்பந்தமோ கணவர் பெயரில் மட்டும். இதைத் தூக்கிக்கொண்டுபோய் கவுண்டரில் வைத்தால், "நீங்கள் ஏன் சென்னையில் போடக்கூடாது?" என்றுதான் கேட்பார்கள். எங்களிடம் கேட்டார்கள். அன்றைக்குத் திரும்பி வந்தது நான் மட்டும். என் கணவருடைய விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள், ஏனென்றால் அவர் பெயரில் ஒப்பந்தம் இருந்தது.

அதனால் வீடு பிடிக்கும்போதே பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. வாடகைதாரர் பற்றிய போலீஸ் வெரிஃபிகேஷனை எப்படியும் அவர் செய்தாக வேண்டும், அதிலும் இரண்டு பேரும் இருக்கட்டும். அந்த ஒப்பந்தத்தை வைத்து ஆதார் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத மனைவி, உறவைக் காட்டும் ஆவணம் இருந்தால் கணவரின் ஆதாரை வைத்தும் மாற்ற முடியும். வங்கிக் கணக்கை டெல்லிக் கிளைக்கு மாற்றுங்கள். ஸ்டேட்மெண்டில் முத்திரை வாங்க நின்றால்தான் இதன் அருமை தெரியும்.

பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டி வந்தால், முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கால் என்றால் இன்னும் 2,000. டெல்லிக்குள் இருப்பவர்களுக்கும் குருகிராமத்தில் இருப்பவர்களுக்கும் டெல்லி அலுவலகம். நொய்டாவில் வீடு பிடித்தவர்களுக்குக் காஜியாபாத் அலுவலகம். மத்திய அரசு ஊழியர் என்றால் உங்கள் அலுவலகத்துக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது பெயர். இது வடக்கே யாருக்கும் இல்லாத, நமக்கே உரிய தலைவலி. இனிஷியலோடு வளர்ந்த நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்களும் உண்டு, அப்பா பெயரை எழுதியவர்களும் உண்டு. காலியாக விட்டவர்களுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு கதவை மூடியது. ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்றார்கள். பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று அப்புறம் விளக்கம் வந்தது. இருந்தாலும் துபாயில் விமானம் மாறி வெளியே ஒரு நாள் சுற்றலாம் என்று திட்டமிடுபவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. பெயரை இரண்டாகப் பிரித்து எழுத ஆசை இருந்தால், அதற்குச் சரியான நேரம் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரம்தான்.

அப்பா பெயரை எழுதியவர்களுக்கு வேறு வேடிக்கை. உஸ்பெகிஸ்தானில் தாஷ்கெண்டிலிருந்து புகாரா வரை எல்லா ஓட்டலிலும் என் கணவரை அவர் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மாமனார் ஜோலார்பேட்டைக்கு வடக்கே போனதில்லை. அவர் பெயர் மட்டும் பட்டுப்பாதை முழுக்கப் போய் வந்தது. என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர், அவருடையதில் அவர் அப்பா பெயர். ஆகவே இரண்டு பேரும் கணவன் மனைவிதான் என்று காட்டத் திருமணச் சான்றிதழ் கையில் இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்த எங்கள் சான்றிதழில் விவரங்கள் எல்லாம் தமிழில், அதுவும் கையெழுத்தில். கவுண்டரில் இருந்த பெண் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். நோட்டரி முத்திரையோடு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை ஊரிலேயே செய்து எடுத்து வந்துவிடுங்கள். டெல்லியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைய ஒரு வாரம் போகும்.

சரி, எங்கே போவது?

முதல் பயணத்துக்கு ஐரோப்பா வேண்டாம் என்பது என் கட்சி. நேபாளத்துக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஊர் முகவரியில் உள்ள வாக்காளர் அட்டையே செல்லும், ஆனால் ஆதார் செல்லாது. பூட்டானுக்கும் அதே இரண்டில் ஒன்று, ஆனால் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. இரண்டு பேர் பத்து இரவு தங்கினால் அதுவே 24,000 ஆகிவிடும். மெதுவாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு நேபாளம்தான் கட்டுப்படியாகும். கஜகஸ்தானில் இந்தியர்கள் விசா இல்லாமல் 14 நாள் இருக்கலாம்.

எங்கள் மனதுக்கு நெருக்கமானது உஸ்பெகிஸ்தான். முப்பது நாள் மின் விசாவுக்கு 20 டாலர், சில நாளில் மின்னஞ்சலில் வந்துவிடும். சென்னைக்குப் பறக்கும் நேரத்தில் தாஷ்கெண்ட் போய்விடலாம். ஒரே ஒரு விஷயம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து, அந்தப் பக்கம் போக உஸ்பெக் விமானமே வசதி. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரியில் இறந்தது தாஷ்கெண்டில்தான், அவருக்கு அங்கே சிலையும் தெருவும் இருக்கின்றன. தாஷ்கெண்டிலிருந்து சமர்கந்துக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சமர்கந்தில் பன்னிரண்டு நாள் ஒரே வீட்டில் தங்கினோம். நீண்ட பயணத்தில் ஓட்டலைவிட அடுப்பு உள்ள வீடுதான் லாபம். காலையில் சியோப் சந்தைக்குப் போவோம். நடுவில் முத்திரை குத்தி, மேலே எள் தூவிய வட்ட ரொட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி விற்பார்கள். ஒரு ரொட்டி, ஒரு கிலோ தக்காளி, கைப்பிடி கொத்தமல்லி. தாளிக்கக் கடுகு நம்முடையது. நாலாம் நாள் அவர் ரொட்டியைத் தக்காளித் தொக்கில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, இது பரோட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் மனுஷன் சாதம் கேட்காமல் சாப்பிட்டாரே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

தொக்கு பற்றி ஓர் எச்சரிக்கை. தொக்கும் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் வரும், கைப்பையில் போனால் குப்பைத்தொட்டிக்குத்தான். பெரிய பெட்டியில் போடுங்கள், இரண்டு உறை போட்டு. எங்கள் புளிக்காய்ச்சல் பாட்டில் மூடி கழன்று, அவருடைய ஒரே வெள்ளைச் சட்டை புளியோதரை ஆனது. இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டு போகக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, மணத்தக்காளி வற்றல் இவற்றுக்கு எங்கும் யாரும் எங்களை ஒன்றும் கேட்டதில்லை.

இரண்டு பயணம் முடித்த பிறகு, பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசா போட்டோம். கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் போடவேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது, போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தே எண்ணுவார்கள். 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஒரு சலுகை வந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டு வருட விசாவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் முதல் விசாவில் ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்காதீர்கள்.

வருமானம் இல்லாத துணைக்கு, செலவு முழுக்க நான் ஏற்கிறேன் என்று மற்றவர் எழுதித் தரும் கடிதம் வேண்டும். அவர் எனக்கு எழுதிக் கொடுத்த ஒரே கடிதம் அதுதான். பல ஐரோப்பிய நாடுகளுக்கான விண்ணப்ப மையம் சிவாஜி ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்திலேயே இருக்கிறது. ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பாதை என்பதால் துவாரகாவிலிருந்து நேரே வந்துவிடலாம். மே மாதப் பயணத்துக்கு பிப்ரவரியிலேயே நாள் குறித்துவிடுங்கள். டெல்லி முழுக்க மே மாதம்தான் ஓடப் பார்க்கும்.

மே, ஜூனில் போவதற்கு வெயில் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஊர். மத்திய அரசு வேலையில் ஈட்டிய விடுப்பு வருடத்துக்கு 30 நாள். அதைப் பொங்கலுக்கு ஒரு வாரம், கொழுந்தன் கல்யாணத்துக்கு ஒரு வாரம், கிரகப்பிரவேசம், வளைகாப்பு என்று பிய்த்துக் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. "ஊருக்கு நாலு நாள் வர நேரமில்ல, தேசம் தேசமா சுத்த மட்டும் நேரம் இருக்கா?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: பொங்கலுக்குக் கட்டாயம் ஊர், இரண்டு வருடத்துக்கு ஒரு மே மாதம் எங்களுக்கு. விடுப்பைச் சேர்த்துவைக்க விதி இடம் கொடுக்கிறது, 300 நாள் வரை. அரசு ஊழியர் சொந்தச் செலவில் வெளிநாடு போகவும் முன் அனுமதி வாங்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள். தனியார் கம்பெனிக்காரர்கள், "அங்கிருந்தே லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொள்கிறேன்" என்று கிளம்புவதற்கு முன் அந்த விசா அதை அனுமதிக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுற்றுலா விசா என்றால் பெரும்பாலும் அனுமதி இல்லை.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டுக் கடையில் கார்டு தேய்க்கும்போது மெஷின், "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று அன்பாகக் கேட்கும். உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். அந்த அன்புக்கு விலை உண்டு.

வீட்டைப் பூட்டுவதும் ஒரு கலை. டெல்லியில் மே மாதம் ஆந்தி அடிக்கும், அதாவது புழுதிக்காற்று. ஜன்னல் இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்துவிட்டுப் போவோம், அப்படியும் திரும்பி வந்தால் சுவாமி படத்தில் விரலால் பெயர் எழுதலாம். ரவையும் இட்லி அரிசியும் கிளம்புமுன் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டுக்குத்தான். சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். பேப்பர்காரரிடம் சொல்லிவிடுங்கள், வாசலில் பேப்பர் குவிந்தால் ஆள் இல்லை என்று எழுதி ஒட்டியது போல. கறிவேப்பிலைத் தொட்டியை எதிர்வீட்டில் ஒப்படையுங்கள், சாவி ஒன்றையும்.

ஐரோப்பா போகும் விமானங்கள் பல நடு இரவுக்கு மேல்தான் டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையமான டி3-லிருந்து கிளம்பும். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் இரவு பதினொன்றரை வாக்கில் நின்றுவிடும் என்பதால் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேருங்கள். டி3-இல் இந்தியர்களுக்கு 2024 ஜூனிலிருந்து விரைவுக் குடியேற்ற வரிசை உண்டு. இலவசம்தான், முன்கூட்டியே ஆன்லைனில் பதிய வேண்டும்.

திரும்பி வந்த மறுநாளே அலுவலகம் சேராதீர்கள். இரண்டு நாள் விடுப்பு மிச்சம் வையுங்கள், ஒரு நாள் தூசி தட்ட, ஒரு நாள் மாவு அரைக்க. எதிர்வீட்டில் சாவியை வாங்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எங்கள் பஞ்சாபி ஆன்ட்டிக்குப் புகாராவிலிருந்து உலர் திராட்சை இரண்டு கிலோ கொண்டுவந்தோம். வாங்கி வைத்துக்கொண்டு, "அந்த உங்கள் ஊர் அல்வா, கையில் ஒட்டுமே, அது இல்லையா?" என்றார்.