போர்ப் பதக்கம் சேர்க்கப் போறீங்களா? விளிம்புல இருந்து ஆரம்பிங்க

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க இருக்கிற ஊர்கள் வேலூரைச் சுத்தி உண்டு. அதனால பழைய பதக்கம் கண்ணுல படும். பார்த்ததையெல்லாம் வாங்காம ஒரே ஒரு போரை எடுத்துக்கோங்க. முதல் உலகப் போருக்கான 'பிரிட்டிஷ் வார் மெடல்' புதுசா வர்றவங்களுக்குச் சரியா இருக்கும்: வெள்ளி, குறுக்களவு 36 மி.மீ. கூலி வேலைக்குச் சேர்த்த தொழிலாளர் படைகளுக்கு (லேபர் கோர்) வெண்கலத்துலயும் கொடுத்தாங்க, அது அரிது.

கையில வேண்டியது: 10 மடங்கு லென்ஸ், டிஜிட்டல் வெர்னியர் (குறுக்களவு அளக்கிற கருவி), 0.01 கிராம் காட்டுற தராசு, சின்னக் காந்தம்.

1. விளிம்பைப் படிங்க. ராஜா தலை எல்லாத்துலயும் ஒண்ணுதான். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்புல குத்தியிருக்கும், மதிப்பே அதுலதான். பழைய பெயரை ராவிட்டு வேற பெயர் போடுறது நடக்குது. ராவினா உலோகம் தேயும். அதனால வெர்னியரை நாலஞ்சு இடத்துல வெச்சுப் பாருங்க. ஒரு பக்கம் 36, இன்னொரு பக்கம் 35.6 வந்தா வாங்காதீங்க.

'வாலாஜாபாத்' காலாட்படைன்னு பார்த்ததும் நம்ம வாலாஜாபேட்டைன்னு நினைச்சுடாதீங்க. அது காஞ்சிபுரம் பக்கத்து ஊர்.

2. வார்ப்பா (உருக்கி ஊத்தினதா), அச்சா (அச்சு வெச்சு அடிச்சதா)? லென்ஸ்ல ஊசிக்குத்து மாதிரி குழி, மழுங்கின எழுத்து, விளிம்பைச் சுத்தி ஒட்டுக்கோடு தெரிஞ்சா அது உருக்கி ஊத்தின நகல். ஆறும்போது உலோகம் சுருங்குறதால அளவும் கொஞ்சம் குறையும். காந்தத்துல ஒட்டினா வெள்ளியே இல்லை.

3. ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்துக்கு (திப்பு சுல்தானைத் தோற்கடிச்சதுக்குக் கொடுத்தது) அவசரப்படாதீங்க. திப்பு குடும்பத்தை வேலூர்க் கோட்டையிலதான் வெச்சிருந்தாங்க. அதனால இங்க அந்த ஆசை யாரையும் விடாது. சிங்கம் புலியை அமுக்குற படம், கீழே ரோமன் எழுத்துல 1799 மே 4. இங்கிலாந்துல அடிச்சது 48 மி.மீ., கல்கத்தாவுல அடிச்சது 45 மி.மீ. நகல்கள் நிறைய சுத்துது.

4. தேய்க்காதீங்க. விபூதி, புளி, பாத்திரப் பவுடர் எதுவும் வேண்டாம். கறுப்பு போனா எழுத்தோட கூர்மையும் போகும், விலையும் இறங்கும். சாதா பிவிசி உறையில வெச்சா பச்சைப் பிசுக்கு படியும்; மைலார் (ஒரு வகை பாலியெஸ்டர்) உறை வாங்குங்க. ஐப்பசி, கார்த்திகையில டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல் பை கட்டாயம். ரப்பர் பேண்டும் கம்பளித்துணியும் கிட்டவே கூடாது, அதுல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வெச்சிடும். ரிப்பன் கிழிஞ்சிருந்தாலும் அப்படியே விடுங்க.

5. சட்டம். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டினதை நீங்களா வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும். வாங்கும்போது விளிம்பு எழுத்தை அப்படியே ரசீதுல எழுதி வாங்கிக்கோங்க.