மாங்கோடிபி கலெக்‌ஷனில் கடைசித் தேதியுள்ள பதிவை எடுப்பது எப்படி?

ஒரு கடையின் ரசீதுகள் அனைத்தும் மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் ஒரே கலெக்‌ஷனில் இருப்பதாகவும், ஒவ்வொரு ரசீதிலும் ‘தேதி’ என்றொரு புலம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கடைசி ரசீதைப் பெற, பதிவுகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையைத் தொடர்ந்து, வரிசைப்படுத்தும் சார்ட் சேர்த்து, தேதிக்கு மைனஸ் 1 என்ற மதிப்பைக் கொடுத்து, ஒரே பதிவு போதும் என்பதற்கு லிமிட் 1 என்று முடிக்க வேண்டும். மைனஸ் 1 என்பது இறங்குவரிசையைக் குறிக்கும். எல்லா ரசீதுகளையும் நிரலுக்குள் இழுத்துவந்து அங்கே பெரிய தேதியைத் தேடுவது வீண் வேலை.

கட்டளை சரியாக இருந்தும் விடை தவறாக வந்தால், தேதி எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘31-01-2023’, ‘09-12-2024’ என ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துகளின் தொடராக, எழுதிவைத்திருந்தால், ஒப்பீடு இடப்பக்க எழுத்திலிருந்து தொடங்குவதால், 3 என்ற எழுத்து 0-வை முந்திவிட, ஏறத்தாழ இரண்டு ஆண்டு பழைய ரசீதே முதலில் வந்து நிற்கும். ‘2024-12-09’ என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதினால் ஸ்ட்ரிங்காக இருந்தாலும் வரிசை சரியாக வரும். ஆனாலும் தேதிக்கென்றே உள்ள டேட் வகையே நல்லது. இரண்டும் கலந்திருப்பதுதான் மிகவும் மோசம்: மாங்கோடிபியின் வரிசை முறையில் டேட் வகை ஸ்ட்ரிங்குக்கு மேலே இருப்பதால், இன்று ஸ்ட்ரிங்காகப் பதிந்த ரசீது, டேட் வகையில் உள்ள மிகப் பழைய ரசீதுக்கும் பின்னால் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

தேதிப் புலத்துக்கு இன்டெக்ஸ் (வரிசைப்படுத்தி வைத்த அட்டவணை) இல்லாவிட்டால், லிமிட் 1 கொடுத்திருந்தாலும் கலெக்‌ஷன் முழுவதும் படிக்கப்படும். இன்டெக்ஸ் இருந்தால் அதன் ஒரு முனையிலிருந்து ஒரே பதிவைப் படித்துவிட்டு வேலை முடிந்துவிடும். எத்தனை பதிவுகள் படிக்கப்பட்டன என்பதை எக்ஸ்பிளைன் கட்டளை காட்டும்.

ஒரே தேதியில் இரண்டு ரசீதுகள் இருந்தால் எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதால், சார்ட்டில் இரண்டாவது புலமாக, ஒவ்வொரு பதிவின் தனி அடையாளமான ஐடியையும் சேர்ப்பது என் வழக்கம். மாங்கோடிபி தானாகத் தரும் ஐடியின் முதல் 4 பைட்டுகளில் அது உருவான நேரம் விநாடிக் கணக்கில் இருக்கிறது. அதை நம்பித் தேதியை விட்டுவிட்டு ஐடியால் மட்டும் வரிசைப்படுத்தினால், போன வாரத்து ரசீதை இன்று உட்கார்ந்து பதிந்தவுடன் அதுவே கடைசி ரசீதாகிவிடும்.

வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கடைசி ரசீது வேண்டுமென்றால் லிமிட் உதவாது. பதிவுகளைப் படிப்படியாகச் செயலாக்கும் அக்ரிகேட் கட்டளையில் முதலில் தேதியை இறங்குவரிசைப்படுத்தி, பிறகு வாடிக்கையாளர்வாரியாக குரூப் செய்து, ஒவ்வொரு குழுவிலும் ஃபர்ஸ்ட் மூலம் முதல் பதிவை எடுக்க வேண்டும்.