அணு ஆயுதச் சோதனைக் கட்டுரைகளைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கிப்பீடியாவில் அணு ஆயுதச் சோதனை பற்றிய கட்டுரையைச் சரிசெய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது வெடிதிறனில்தான், அதாவது குண்டு எவ்வளவு பலமாக வெடித்தது என்கிற அளவில். இத்தனை கிலோ டன் (ஒரு கிலோ டன் என்பது ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்) என்று கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவற்பெட்டியில் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், யார் சொன்ன எண், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. 1998 மே 11 அன்று பொக்ரானில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுக்கு 45 கிலோ டன் என்பது இந்தியத் தரப்பு சொன்ன கணக்கு. நில அதிர்வுப் பதிவுகளை வைத்துப் பார்த்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் அதைவிடக் குறைவு என்றார்கள், அந்தச் சோதனையில் முக்கியப் பங்கு வகித்த கே. சந்தானமே 2009இல் அது எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்றார். இதில் நமக்குப் பிடித்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது திருத்தம் ஆகாது, இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுத வேண்டும். உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையான அமெரிக்காவின் டிரினிட்டிக்கே பல வருடங்களாக 21 கிலோ டன் என்றுதான் எழுதிவந்தார்கள், 2021இல் வந்த புதிய ஆய்வு 24.8 என்கிறது. அதனால் எண்ணோடு கணக்கிட்ட ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

எண்ணிக்கையிலும் இதே குழப்பம். அமெரிக்கா நடத்திய சோதனைகள் 1,054, ஆனால் ஒரே சோதனையில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வெடித்ததும் உண்டு என்பதால் வெடிப்புகள் 1,149. சோவியத்துக்கு 715 சோதனைகள், 969 வெடிப்புகள். ஒரு நாட்டுக்குச் சோதனைக் கணக்கையும் இன்னொரு நாட்டுக்கு வெடிப்புக் கணக்கையும் எடுத்து அட்டவணை போட்டால் மொத்தமும் பொய்யாகிவிடும். அப்புறம், பிரிட்டன் நெவாடாவில் அமெரிக்காவோடு சேர்ந்து நடத்திய 24 சோதனைகள் அந்த 1,054க்குள்ளேயே இருக்கின்றன. பிரிட்டனின் 45ஐ அப்படியே கூட்டினால் அவை இரண்டு முறை எண்ணப்படும்.

தேதியிலும் தகராறு உண்டு. அமெரிக்காவின் காசில் பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டுச் சோதனை நடந்தது பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளிலுள்ள பிகினியில், அங்குள்ள நேரப்படி 1954 மார்ச் 1, கிரீன்விச் நேரப்படி பிப்ரவரி 28. இரண்டும் சரி, எந்த நேரம் என்று சொல்லாமல் மாற்றி மாற்றித் திருத்திச் சண்டை போடுவதுதான் தவறு. படங்களையும் பாருங்கள்: சிவந்த மேகத்தோடு பரவலாக வரும், அதே வரிசையில் நடந்த காசில் ரோமியோ சோதனையின் படம் வேறு எத்தனையோ குண்டுகளின் பெயரில் சுற்றுகிறது.

1963இன் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தோடு சோதனைகள் நின்றுவிட்டன என்று எழுதாதீர்கள். அது காற்றுவெளி, விண்வெளி, நீருக்கடியில் மட்டும்தான் தடை செய்தது, நிலத்தடியில் சோதனை தொடர்ந்தது, கையெழுத்திடாத சீனா 1980 வரை வளிமண்டலத்திலேயே வெடித்தது. 1996இன் முழுத் தடை ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெடிதிறனைக் குறிக்கும் yield என்ற ஆங்கிலச் சொல் ‘விளைச்சல்’ ஆகிவிடும், சோதனையைக் குறிக்கும் test ‘தேர்வு’ ஆகிவிடும். படிக்கிறவருக்கு எதுவும் புரியாது. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு, வெடித்த இடத்தை ஆளில்லாத தீவு, வெறும் பாலைவனம் என்று போகிறபோக்கில் எழுதுவது. பிகினியில் 167 பேர் வாழ்ந்தார்கள், 1946இல் அவர்களை இடம்பெயர்த்த பிறகுதான் தீவு காலியானது. பிராவோவின் கதிரியக்கச் சாம்பல் அருகிலுள்ள ரோங்கெலாப் தீவில் மக்கள் மேலேயே விழுந்தது, அவர்களை அங்கிருந்து கொண்டுபோக இரண்டு நாளுக்கு மேல் ஆனது. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்த 23 பேரும் அதில் சிக்கினார்கள், ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். இதையெல்லாம் கட்டுரையின் அடியில் ‘சர்ச்சைகள்’ என்ற தலைப்புக்குள் தள்ளுகிறார்கள். இதில் சர்ச்சை என்ன இருக்கிறது? வெடிதிறன் வருகிற அதே முன்னுரையிலேயே இந்த மக்களும் வர வேண்டும்.